யார் வழி?

அத்தியாயம் 14

கலைச்செல்வியின் ரத்தமும், அவள் கணவன் பூமிநாதனின் ரத்தமும், மகன் நாகுவின் ரத்தமும் மூன்று குப்பிகளில் பெங்களூருக்குப் பரிசோதனைக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். ரத்தம் கொடுக்கப் பூமிநாதன் பண்ணிய ஆர்ப்பாட்டத்தையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஊசிக்குப் பயந்தவன் என்றுதான் நாமெல்லாம் சிரித்தோம்.

நாகுவுக்கு ஏழு வயது. செத்துப்போன தாத்தா நாகநாதனின் பெயரை வைத்து, பேர் சொல்ல ஒரு பிள்ளை வந்துவிட்டான் என்று ஆவாரேந்தல் முழுக்க மிட்டாய் கொடுத்தார்கள். மூன்று வயதில் ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொன்ன பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

அப்போது அவனிடம் கொஞ்சம் சொற்கள் இருந்தன. தண்ணி, பஸ், போ, அம்மா. நாலு வயதில் தூக்கத்தில் என்னவோ வர ஆரம்பித்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணும். தொண்டையில் ஒரு சத்தம் வரும். தலையணை எச்சிலில் நனையும். மாமியார் முத்தழகு எட்டிப் பார்த்துவிட்டு, "நரி வெரட்டுது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தூக்கத்தில் பிள்ளை சிரித்தாலும் சிணுங்கினாலும் இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நரி வந்து, உன் அம்மா செத்துப்போனாள் என்று சொல்லுமாம், பிள்ளை அழுமாம். உன் அம்மா வந்துவிட்டாள் என்று சொல்லுமாம், பிள்ளை சிரிக்குமாம். கலைச்செல்வி அந்த நரியை ஒரு வருஷம் நம்பினாள். அந்த ஒரு வருஷத்தில் நாகுவின் சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாகப் போனது, அம்மா.

நரி இல்லை, வலிப்பு என்று கண்டுபிடித்தது பூமிநாதனின் தங்கை நாகஜோதி. அவள்தான் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வாய் கோணுவதைப் போனில் படம் எடுத்து, ராமநாதபுரத்துக்கு வாரம் ஒரு நாள் வரும் மதுரை டாக்டரம்மாவிடம் காட்டினாள்.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது என்று அந்த டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. வரச் சொன்ன நாளில்தான் நாகஜோதிக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்றான் பூமிநாதன். கலைச்செல்வி மகனுக்குச் சட்டையை மாட்டிக் காரில் ஏற்றி உட்கார்ந்துவிட்டாள்.

*

"ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு," என்றார் டாக்டரம்மா.

அந்த ஜீனுக்கு ஒரு பெயரும் சொன்னார். எழுத்தும் எண்ணுமாக, பஸ் நம்பர் மாதிரி இருந்தது.

"மூளையில ஒரு செல்லுல இருந்து இன்னொரு செல்லுக்குச் சிக்னல் போறதை இந்த ஜீன் பாத்துக்குது. அது சரியா வேலை செய்யலைன்னா, தூங்குறப்ப மின்சாரம் கண்டபடி பாயும். வலிப்பு வரும். வலிப்பு வெளிய தெரியாத நேரத்துலயும் உள்ள பாஞ்சுக்கிட்டே இருக்கும். பகல்ல கத்துக்கிட்ட பேச்சு அதுல அழிஞ்சு போகும்."

"ஆட்டிசமும் இதனாலதானா?" என்று கேட்டாள் கலைச்செல்வி.

"இவனுக்குச் சம்பந்தம் இருக்கலாம். ஆட்டிசம் இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு ஜீன். நெறைய பேருக்குக் காரணமே தெரியுறதில்லை. இவனுக்குத் தெரிஞ்சிருச்சு. இனிமே மருந்தை யோசிச்சு மாத்தலாம்."

கலைச்செல்வி கைக்குட்டையைச் சுருட்டினாள். நாலு வருஷமாக மாமியார் சொன்னதையெல்லாம் இறக்கிவைக்க இதை விட்டால் வேறு இடமில்லை.

"நான் மாசமா இருந்தப்ப கிரகணத்தன்னைக்குக் கொல்லைக்குப் போய்ட்டேன் டாக்டர். அப்பறம் சளிக்கு நானா ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன். பப்பாளி ஒரு துண்டு..."

"நீங்க ஒண்ணுமே செய்யலம்மா." டாக்டரம்மா அவள் கையைப் பிடித்தார். "உங்க ரத்தத்துல இந்த மாற்றமே கிடையாது."

பிறகு பூமிநாதன் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்ட இருக்கு. உங்ககிட்ட இருந்துதான் பையனுக்கு வந்திருக்கு."

கலைச்செல்விக்குச் சந்தோஷம் வந்தது. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற துக்கத்துக்கு நடுவில், வெட்கமே இல்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது அந்தச் சந்தோஷம். நான் இல்லை. நான் இல்லவே இல்லை.

"எனக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்ல," என்றான் பூமிநாதன்.

"சின்ன வயசுல? தூக்கத்துல?"

"இல்ல."

"பேச்சு லேட்டா வந்துச்சா?"

"எல்லாருக்கும் வர்ற மாதிரிதான் வந்துச்சு."

"இதே மாற்றம் ஒருத்தருக்கு லேசா வந்து, பெரியவங்களாகுறதுக்குள்ள தானா நின்னுடும். அவங்க பிள்ளைக்குக் கடுமையா வரும். யார் மேலயும் தப்பு கிடையாது சார்." டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி இருக்கா," என்றாள் கலைச்செல்வி. "இன்னைக்குத்தான் பூ வைக்க வாராக."

பூமிநாதன் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

"அவங்களுக்கும் இருக்கலாம். ஒருமுறை வந்து பாக்கச் சொல்லுங்க. கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு நான் சொல்லலை. தெரிஞ்சு வச்சுக்கிட்டா, பொறக்கிற பிள்ளையை முதல் நாள்ல இருந்து கவனிக்கலாம். இவனுக்குப் போன மாதிரி ஒரு வருஷம் வீணாப் போகாது."

*

உச்சிப்புளிக்கு முன்னால் ஆவாரேந்தலுக்குத் திரும்பும் ரோடு வந்தது. கார் திரும்பவில்லை. புதுமடம் கடற்கரையில் போய்த்தான் பூமிநாதன் நிறுத்தினான்.

கதவு திறந்ததும் நாகு ஓடினான். அலை வந்து காலைத் தொடும் இடத்தில் குந்திக்கொண்டு, ஈர மணலை அள்ளிக் கன்னத்தில் அப்பிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே சத்தத்தைச் சந்தோஷமாகப் போட்டான். வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளையோட பெரிய அத்தை ஆள் விட்டுக் கேட்டிருக்காக," என்றான் பூமிநாதன். "பயலுக்கு என்ன சீக்கு, யார் வழில வந்துச்சுன்னு."

"சொல்லுங்க."

"நீ சொல்லணும்."

"என்னன்னு?"

"உன் வழின்னு."

அவள் முதலில் சிரித்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இப்பத்தானங்க அந்தம்மா சொன்னாக. உங்க முன்னாலதான சொன்னாக."

"அந்தம்மா சாயங்காலம் மதுரைக்கு ரயில் ஏறிரும். நாமதான் இங்கன கெடக்கணும். என் வழின்னு ஒரு வார்த்தை போச்சுன்னா ஜோதி கல்யாணம் என்னாகும்? அந்த மாப்பிள்ளை இல்ல, எந்த மாப்பிள்ளையும் வாசலுக்கு வர மாட்டான்."

"ஜோதியும் பாக்கணும்னு சொன்னாகளே."

"அவளுக்கு என்ன? நல்லாத்தான இருக்கா."

கலைச்செல்வி மகனைப் பார்த்தாள். பூமிநாதன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். மிளகாய் வத்தல் மண்டி நடத்துகிறவன், எப்போது விலையைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

"அம்மா திருநெல்வேலிப் பக்கம் இந்த மாதிரிப் பிள்ளைகளை வச்சுப் பாக்குற ஒரு இல்லத்துல பேசி வச்சிருக்கு. பூ வச்ச கையோட பயலைக் கொண்டுபோய் விடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிது. நான் வேணாம்னு சொல்லணும்னா, நீ நான் சொன்னதைச் செய்யணும்."

"என் கை கழுத்துக்கு அடியில இல்லாம அவன் தூங்க மாட்டான்ங்க."

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

இவனோடு ஒன்பது வருஷம் ஒரே பாயில் படுத்தோமா என்று அவளுக்கு இருந்தது. கோபம் அப்புறம் வந்தது. முதலில் வந்தது அருவருப்பு.

"பயலை எந்த இல்லத்துக்கும் அனுப்ப மாட்டேன். இவன் தலையில அடிச்சு சத்தியம்," என்று பூமிநாதன் மகன் தலையில் கையை வைக்கப் போனான்.

நாகுவுக்குத் தலையில் கை பட்டால் ஆகாது. பெற்ற தாயே சீப்பு போட முடியாது. அவன் கத்திக்கொண்டு தலையைக் குனிந்து நகர்ந்துவிட்டான். அப்பனின் கை ஆகாயத்தில் நின்றது. ஏழு வருஷத்தில் அதுகூடத் தெரிந்துகொள்ளாத அப்பன்.

"நீயும் பண்ணு," என்றான் கையை இறக்கிக்கொண்டு. "டாக்டர் சொன்னதை அம்மாகிட்டயோ ஜோதிகிட்டயோ உன் வாயால சொல்ல மாட்டேன்னு."

கலைச்செல்வி குனிந்து, ஈர மணலில் புதைந்திருந்த மகனின் பாதத்தைத் தொட்டாள். பாதத்தைத் தொட்டால் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்.

"சொல்ல மாட்டேன்," என்றாள்.

*

முத்தழகுவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. மாப்பிள்ளை மாரிச்செல்வத்துக்குச் சொந்தமாக இறால் பண்ணை. ஒரே பையன். அப்படிப்பட்ட இடம் ஆவாரேந்தலுக்குள் கார் கட்டிக்கொண்டு வருகிறது.

"அந்தப் பயலைப் பின்கட்டு ரூம்ல போட்டுக் கதவைச் சாத்து," என்றாள் மருமகள் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக.

பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்த நாகஜோதி எழுந்துவிட்டாள்.

"அவனை ரூம்ல போட்டா நானும் ரூம்லதான் இருப்பேன். பூவைக் கதவுக்கு வச்சுட்டுப் போகச் சொல்லு."

முத்தழகு பல்லைக் கடித்துக்கொண்டாள். நாகுவுக்கு அத்தை மடியில் ஓர் இடம் கிடைத்தது. கடலில் ஆடிய களைப்பில் கொஞ்ச நேரத்தில் கண் சொருகினான். கலைச்செல்வி அவனை வாங்கி, கூடத்தின் ஓரத்தில் பாயை விரித்து, தன் கையை அவன் கழுத்துக்கு அடியில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"மதினி, டாக்டர் என்ன சொன்னாக?" என்று ஜோதி மெல்லக் கேட்டாள்.

"மருந்து மாத்தலாமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் கேட்க ஜோதிக்கு நேரமில்லை.

வந்தவர்கள் தாம்பாளங்களை இறக்கினார்கள். காபி குடித்தார்கள். காற்று இல்லை, மழை இல்லை, இந்த வருஷம் வத்தலுக்கு விலை இல்லை என்று ஆம்பிளைகள் பேசினார்கள். மாப்பிள்ளையின் பெரிய அத்தை மட்டும் பாயில் கிடந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் சொல்தான் சொல் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நான் ஒளிச்சுப் பேச மாட்டேன்," என்றாள் அவள். "நாளைக்கு எங்க வீட்டுல ஒரு பிள்ளை வந்து நிக்கணும். அதனால கேக்குறேன், வருத்தப்படாதீக. இந்தப் பிள்ளைக்கு இருக்குறது யார் வழி?"

முத்தழகு மகனைப் பார்த்தாள். பூமிநாதன் மனைவியைப் பார்த்தான்.

"என் வழிதான்," என்றாள் கலைச்செல்வி.

சொல்லி முடித்த பிறகுதான் யாரையெல்லாம் சேர்த்துச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. போய்ச் சேர்ந்த அப்பாவைச் சொல்லியாகிவிட்டது. மண்டபத்தில் இருக்கும் அண்ணனைச் சொல்லியாகிவிட்டது. அவன் வீட்டில் வளரும் இரண்டு பெண் பிள்ளைகளைச் சொல்லியாகிவிட்டது. நாளைக்கு அதுகளுக்கு வரன் பார்க்கும்போது இந்தக் கூடத்தில் இருக்கும் ஒரு வாய் போதும்.

"டாக்டரே இன்னைக்குச் சொல்லிட்டாக," என்றான் பூமிநாதன். "அவ பக்கம்தான்."

"நான் அப்பவே நெனச்சேன்," என்று முத்தழகு ஆரம்பித்தாள். மகன் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். நம்புவதற்காக நாலு வருஷமாகக் காத்திருந்தவள். "சொந்தத்துல ஆயிரம் பொண்ணு இருக்கப்ப அசல்ல போய் எடுத்தேன் பாருங்க. முகத்தைப் பாத்து ஏமாந்துட்டேன். வழியை விசாரிக்கல."

பெரிய அத்தை தலையை ஆட்டினாள். கலைச்செல்வியைப் பார்த்து ஒரு "ப்ச்" கொட்டினாள். பிறகு, "பூவை எடுங்க," என்றாள்.

நாகஜோதி மட்டும் மதினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மருந்து மாற்றலாம் என்று மட்டும்தான் சொன்னார் என்று கொஞ்சம் முன்னால்தானே சொன்னாள்?

*

பெரிய அத்தை மல்லிகைச் சரத்தை ஜோதியின் தலையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தொண்டைக்குள்ளிருந்து வரும் சத்தம். கலைச்செல்வி குனிந்தாள். நாகுவின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. கன்னம் துடித்தது. எச்சில் வழிந்து அவள் முழங்கையை நனைத்தது. அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை, நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீண்டுபோனால்தான் மூக்கில் மருந்து அடிக்க வேண்டும்.

"ஆத்தாடி, என்ன பிள்ளைக்கு? வலிப்பா?" பெரிய அத்தையின் கை பூவோடு அப்படியே நின்றது.

பாதி வைத்த பூ. முத்தழகு பாயைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல காரியத்தின் நடுவில், சபைக்கு முன்னால், இந்தச் சனியன்.

"அய்ய, வலிப்பெல்லாம் இல்ல," என்று சிரித்தாள். "நரி வெரட்டுதுங்க. தூக்கத்துல வாரதுதான."

"இவ்வளவு பெரிய பிள்ளைக்கா?"

"எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. இந்தா நிக்கிறானே பூமி, பள்ளிக்கூடம் போற வயசு வரைக்கும் இவனை வெரட்டும். ஏன், உங்க மருமகளையே கேளுங்க, சடங்காகுற வயசு வரைக்கும் வெரட்டுச்சு. இதே மாதிரி வாய் ஒரு பக்கமாக் கோணிக்கிரும், கொர்ருனு ஒரு சத்தம், காலையில பாத்தா தலகாணியெல்லாம் எச்சி. இப்ப எப்பிடி இருக்கா பாருங்க, கிளி மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய அத்தைக்கும் சிரிப்பு வந்தது.

"நரிதானா? நான் பயந்துட்டேன்," என்று மீதிப் பூவையும் வைத்தாள். "தலையை ஆட்டாதத்தா."

தலை தானாக ஆடியது. ஜோதி சிரிக்கவில்லை. அந்தக் கோணலை அவள் போனில் எத்தனை முறை படம் பிடித்திருக்கிறாள். டாக்டர் கேட்கச் சொன்னார் என்று போன வருஷம் அம்மாவிடம் அவளே கேட்டாள், நம்ம வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருக்கிறதா என்று. ஒரு நாளும் இல்லை என்று முத்தழகு குலசாமி பேரில் சொன்னாள்.

அவள் பொய் சொல்லவில்லை. முத்தழகுவுக்குத் தெரிந்த வலிப்பு, நடுத்தெருவில் நுரை தள்ளி விழுவது, கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது. தூக்கத்தில் வருவது நரி. வலிப்பைக் கேட்டார்கள், இல்லை என்றாள். நரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பூமிநாதன் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டினான். தட்டில் பாக்கு உருண்டது.

*

கார்கள் போய்ப் புழுதி அடங்குவதற்குள் முத்தழகு மருமகள் முன்னால் வந்து நின்றாள்.

"துணிமணியை எடுத்து வை."

"எதுக்குத்தே?"

"எதுக்கா? உன் வழின்னு சபையில நீதான சொன்ன? உன் வழியப் பாத்துப் போ. கல்யாணம் முடியுற மட்டும் உன் அண்ணன் வீட்டுல இரு. இன்னைக்குப் பூ வைக்கிறப்ப ஒரு கூத்து பண்ணியாச்சு. தாலி கட்டுறப்பவும் இங்கன கெடந்து அது வாயைக் கோணிக்கிட்டுக் கெடக்கணுமா?"

"அண்ணன் வீட்டுல ஒரே ரூம்தான்தே. புது மருந்து குடுக்குறப்ப பக்கத்துல ஆஸ்பத்திரி..."

"அதை உன் வழிக்காரக யோசிக்கட்டும்."

கலைச்செல்வி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கார்ச் சாவியை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தான்.

"சத்தியம் பண்ணுனீக," என்றாள்.

"இல்லத்துக்கு அனுப்ப மாட்டேன்னுதான பண்ணுனேன்? அனுப்பலையே. உன்கூடத்தான் அனுப்புறேன்."

அவனுக்கு முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. கணக்கைச் சரியாக முடித்தவன் மாதிரி நின்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். உன் மகன் வழிதான் என்று அந்தக் கிழவியின் மூஞ்சிக்கு நேராகக் கத்தியிருக்கலாம். வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. பாயில் நாகு தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளங்காலில் புதுமடத்து மணல் இன்னும் ஒட்டியிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு பையில் துணியை அடைத்தாள். அந்த வீட்டைத் தலைமுழுகிவிட்டுப் போகிற ஆத்திரம் அவள் கையில் இருந்தது, ஒரு சட்டைகூட மடிப்பாகப் போகவில்லை.

தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கேட்டுக்கு வந்தபோது, ஜோதி ஓடிவந்தாள். தலை நிறையப் பூ. கையில் நாகுவின் மூக்கு ஸ்பிரே.

"இது என்கிட்டயே இருந்துச்சு மதினி." பையில் அவளே வைத்து ஜிப்பை மூடினாள். பிறகு பையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் என்ன சொன்னாக?"

"மருந்து..."

"பொய் சொல்லாத. யார் வழி?"

பூமிநாதன் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்தான்.

இவள் ஒருத்திதான் அந்த வீட்டில் பிள்ளையைப் பிள்ளையாகப் பார்த்தவள். இவளுக்காகத்தான் தன்னை வெளியே தள்ளுகிறார்கள் என்பதும் உண்மை. பிரியம் ஜெயித்ததா, கோபம் ஜெயித்ததா என்று கேட்டால் கலைச்செல்விக்கே சொல்லத் தெரியாது.

"என் வாயால சொல்ல மாட்டேன்னு பிள்ளை காலைத் தொட்டு சத்தியம் பண்ணியிருக்கேன் ஜோதி," என்றாள். "டாக்டர் உங்க அண்ணன்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டாக. ஒண்ணுக்கு உங்க அம்மா சபையிலயே பதில் சொல்லிட்டாக. இன்னொன்னை நீ போய்க் கேளு. நீ எப்பப் பேச ஆரம்பிச்சேன்னு கேளு."

காரில் ஏறிக்கொண்டாள். நாகுவின் தலை சீட்டில் இடிக்காமல் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாள். கார் மண்டபம் ரோட்டைப் பார்த்துத் திரும்பியது. பூமிநாதன் கண்ணாடியில் தங்கையைப் பார்த்தான். அவள் கேட்டிலேயே நின்றாள்.

ஜோதி உள்ளே வந்தாள். முத்தழகு தாம்பாளத்துப் பழங்களைக் கூடையில் மாற்றிக்கொண்டிருந்தாள். டேபிளில் ஜோதியின் போன் அடித்தது. மாரிச்செல்வம் என்று பெயர் வந்தது. பூ வைத்த பிறகு அவன் பேசக் கூப்பிடும் முதல் போன்.

"எடுத்துப் பேசுத்தா," என்றாள் முத்தழகு பூரிப்போடு.

ஜோதி எடுக்கவில்லை.

"அம்மா, நான் எப்பப் பேச ஆரம்பிச்சேன்?"

"நீயா?" முத்தழகுவுக்கு அன்று எதைக் கேட்டாலும் சிரிப்பாக வந்தது. "நாலு வயசு முடியுற வரைக்கும் அம்மான்னுகூட வாயைத் திறக்கல. ஊமைன்னே முடிவு பண்ணிட்டோம். பேசுனா மணி வாங்கிக் கட்டுறேன்னு அய்யனார் கோயிலுக்கு நேந்துக்கிட்டேன். உனக்கு ஒரு மணி, உங்க அண்ணனுக்கு ஒரு மணி. இன்னும் அங்கனதான் தொங்குது." ஓர் ஆப்பிளைத் துடைத்துக் கூடையில் வைத்தாள். "அதுக்கெல்லாம் என்ன பண்றது? நம்ம வழியே அப்பிடித்தான்த்தா."